விருதே! – மயிலாப்பூர் பட்டிமன்றத்தில் பேசியது

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, மயிலாப்பூர்ப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

‘அறிவியலை வளர்த்தது வேட்கையா, விருதா?’ என்பது தலைப்பு. விருதே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். “பதக்கத்தின் மதிப்பு விஞ்ஞானிக்குத் தெரியாது, அடகுக் கடைக்காரருக்குத்தான் தெரியும்” என்றார். அரங்கமே அதிர்ந்தது. அண்ணா, அந்த அடகுக் கடைக்கு நான் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு சாயக்காரரைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

லண்டனில் ராயல் சொசைட்டி என்று ஓர் அறிஞர் சபை. 1660-ல் தொடங்கியது. 1709-ல் காலமான சர் காட்ஃப்ரி காப்லி என்பவர் அந்தச் சபைக்கு உயிலில் 100 பவுண்டு எழுதி வைத்தார், சோதனைகள் நடக்கட்டும் என்று. அந்தப் பணத்திலிருந்து பிறந்ததுதான் காப்லி விருது. முதன்முதலில் கொடுத்த ஆண்டு 1731. நோபல் பரிசு வந்தது 1901-ல். அதற்கு 170 ஆண்டு மூத்தது இது. டார்வின் வாங்கினார், ஐன்ஸ்டைன் வாங்கினார். அந்தப் பட்டியலை நான் ஒப்பிக்கப் போவதில்லை. முதல் ஆள் யார் என்பதை மட்டும் பாருங்கள்.

பிரபுவா? பேராசிரியரா? இல்லை. கேன்டர்பரி ஊரில் துணிக்குச் சாயம் தோய்த்துப் பிழைத்தவர். பெயர் ஸ்டீபன் கிரே. அப்பாவும் சாயத் தொழில்தான். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. ராத்திரியில் வானத்தைப் பார்ப்பார், பகலில் சாயத்தொட்டி. வயதாகிப்போன பிறகு, கையில் காசில்லாமல், லண்டனில் சார்ட்டர்ஹவுஸ் என்ற தர்ம விடுதியில் ஓர் அறை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். 1708-லேயே மின்சாரச் சோதனைகளைப் பற்றி ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அப்போது அது அச்சேறவில்லை.

இப்போது 1729-க்கு வாருங்கள். அந்த விடுதி அறையில் கிரே ஒரு கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு தேய்க்கிறார். தேய்த்த கண்ணாடி இறகை இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தூசு போகாமல் இருக்கக் குழாயின் வாயைத் தக்கையால் அடைத்திருந்தார். பார்க்கிறார், இறகு கண்ணாடிக்குப் போகவில்லை, தக்கைக்குப் போகிறது! தக்கையை யார் தேய்த்தது? யாரும் தேய்க்கவில்லை. அப்படியானால் கண்ணாடியிலிருந்து தக்கைக்கு ஏதோ ஒன்று நடந்து போயிருக்கிறது.

வேறு யாராவது இருந்தால் தக்கையைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் தக்கையில் ஒரு குச்சியைச் செருகி, குச்சி முனையில் ஒரு தந்தப் பந்தை மாட்டினார். பந்தும் இழுத்தது. கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டார். அதன் நுனியிலும் இழுத்தது. அப்புறம் வீட்டுச் சாமானையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொங்கவிட ஆரம்பித்தார். அடுப்புக் கரண்டி, இடுக்கி, செப்புத் தேநீர்க் கெண்டி. கெண்டியைக் காலியாகவும் தொங்கவிட்டார், வெந்நீர் ஊற்றியும் தொங்கவிட்டார், பச்சைத் தண்ணீர் ஊற்றியும் தொங்கவிட்டார்! எல்லாவற்றிலும் இழுத்தது.

மேலிருந்து கீழே போகிறது. படுக்கைவாட்டில் போகுமா? கயிற்றை உத்தரத்திலிருந்து கயிற்றாலேயே கட்டித் தொங்கவிட்டார். போகவில்லை. 1729 ஜூலையில் கென்ட் பகுதியில் இருந்த நண்பர் கிரான்வில் வீலர் வீட்டுக்குப் போனார். வீலர் ஒரு யோசனை சொன்னார், பட்டு நூலால் தொங்கவிட்டுப் பார்க்கலாமே என்று. பட்டு மெல்லியது, அதன் வழியே அதிகம் கசியாது என்று கணக்கு. கட்டினார்கள். 80 அடி தாண்டி ஓடியது! இன்னும் நீட்டினார்கள். பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. பட்டைப் போலவே மெல்லியதாக, ஆனால் உறுதியாக வேண்டுமே என்று பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். குழாயைத் தேய்க்கிறார்கள், தேய்க்கிறார்கள்... நுனியில் ஒன்றுமே இல்லை.

அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் உலகம் திரும்பிய இடம் அது. அதே கயிறு, அதே குழாய், தொங்கவிட்டதும் அதே அளவு மெல்லியதுதான். பட்டு இருந்தபோது மின்சாரம் போனது. பித்தளை வந்ததும் அதன் வழியே கசிந்து காணாமல் போனது. மெல்லியதா தடித்ததா என்பதில் இல்லை விஷயம், எந்தப் பொருள் என்பதில் இருக்கிறது! சில பொருள் மின்சாரத்தை விடும், சில பொருள் விடாது. திரும்பப் பட்டையே கட்டி, 700 அடிக்கும் மேல் ஓட்டிக் காட்டினார்கள். நம் வீட்டுச் சுவரில் ஓடும் ஒவ்வொரு ஒயருக்குள்ளும் செம்பு, வெளியே உறை. அந்த வேறுபாட்டைக் கண்டது இந்தக் கிழவர். இன்றைக்குப் பட்டுடுத்தி வந்திருக்கும் அம்மாக்கள் கைதட்டலாம், அந்த வெற்றியில் பட்டுக்கும் பங்கு உண்டு.

அதோடு விட்டாரா? 1730 ஏப்ரலில் ஒரு சின்னப் பையனைக் கொண்டுவந்தார். எட்டொன்பது வயது, எடை 47 பவுண்டு, நம் கணக்கில் 21 கிலோ. அவனைக் கயிறுகளில் படுத்த வாக்கில் தொங்கவிட்டார். காலருகே தேய்த்த குழாயைக் காட்டினார். முகத்துக்கு நேரே பித்தளைத் துணுக்குகளை வைத்தார். எல்லாம் பறந்து போய் அவன் முகத்தில் ஒட்டின! மனித உடம்புக்குள்ளும் மின்சாரம் ஓடும். ஐரோப்பா முழுக்க அப்புறம் இதைக் கூட்டம் கூட்டிச் செய்து காட்டினார்கள்.

1731-ல் காப்லி விருது அவருக்கு. 1732-லும் அவருக்கே. அதே 1732-ல்தான் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வரிசையைக் கவனியுங்கள் நடுவர் அவர்களே. முதலில் விருது வந்தது, அப்புறம் நாற்காலி வந்தது. 60 வயதைத் தாண்டிய மனிதர், பட்டம் இல்லாத சாயக்காரர், தர்ம விடுதிக்காரர். அவருக்கு அந்தக் கதவைத் தட்டிக் கொடுத்தது விருது.

“விருதுக்காகவா அவர் கெண்டியைத் தொங்கவிட்டார்? வேட்கைதானே?” என்று எதிரணி கேட்கும். வேட்கைதான், மறுக்கவே இல்லை. ஆனால் அந்த வேட்கை 1708-லும் அவரிடம் இருந்ததே. அன்றைக்கு அறிவியல் வளர்ந்ததா? கடிதம் கிடப்பில் கிடந்தது. ஒருவருடைய வேட்கை ஊருடைய அறிவாக மாற, ஒரு சபை எழுந்து நின்று ‘இவரைப் பாருங்கள்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மின்னலும் மின்சாரமும் ஒன்றுதான் என்று அமெரிக்காவிலிருந்து பெஞ்சமின் ஃபிராங்ளின் எழுதியபோது, லண்டன் மேதாவிகள் சிரித்தார்கள் என்று அவரே தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். 1753-ல் அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தார்கள். அந்தச் சிரிப்பு அதோடு சரி.

எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார். இந்த விருது ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 245 ஆண்டு ஆனதே, அதற்கு என்ன பதில் என்றார். உண்மை. 1976-ல் டோரதி ஹாட்ஜ்கின்தான் முதல் பெண். அப்புறம் 2021-ல் ஜோஸ்லின் பெல் பர்னெல். அந்தச் சபை வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் சகோதரி, விருதுக்கு மதிப்பே இல்லை என்றால், அது கிடைக்காமல் போனது எப்படி அநீதியாகும்? உங்கள் கோபமே என் கட்சிக்குச் சாட்சி.

சரி, இப்போது அடகுக் கடைக்குப் போவோம்.

அண்ணா, இந்த விருது முதலில் பணமாகத்தான் கொடுக்கப்பட்டது. 1736-ல் மார்ட்டின் ஃபோக்ஸ் என்பவர், பணத்துக்குப் பதில் பதக்கமாகக் கொடுப்போம், மரியாதையாக இருக்கட்டும் என்றார். 5 பவுண்டு பெறுமானமுள்ள தங்கம், அவ்வளவுதான். தங்கம் கொடுப்பது நோக்கமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்திருப்பார்களே!

தங்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறேன். 1940 ஏப்ரல். கோபன்ஹேகன் நகருக்குள் நாஜிப் படை நுழைகிறது. நீல்ஸ் போர் என்ற இயற்பியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் ஃபான் லாவ, ஜேம்ஸ் ஃபிராங்க் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் நோபல் பதக்கங்கள் பத்திரமாக இருக்கின்றன. தங்கம் நாட்டை விட்டுப் போவது ஹிட்லர் ஆட்சியில் பெருங்குற்றம். பதக்கத்திலோ பெயர் பொறித்திருக்கிறது. அங்கே வேலை பார்த்த ஜார்ஜ் டி ஹெவிசி என்ன செய்தார்? ராஜதிராவகம் என்ற கடும் அமிலத்தில் போட்டு இரண்டையும் கரைத்தார். தங்கம் அவ்வளவு சுலபமாகக் கரையாது, அந்தப் பகல் முழுக்க அதே வேலையாக நின்றார். படை வந்து தேடியது. அலமாரியில் ஆரஞ்சு நிறத் திராவகம் ஒரு குடுவையில் இருந்தது, யாரும் தொடவில்லை. போர் முடிந்து வந்து பார்த்தால் குடுவை அப்படியே இருந்தது. தங்கத்தைப் பிரித்தெடுத்து ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள், மறுபடி பதக்கமாக வார்த்துக் கொடுத்தார்கள். கரைந்து போனாலும் மதிப்புப் போகவில்லை அண்ணா! எந்த அடகுக் கடையில் திராவகத்தை எடை போடுவார்கள்? அந்த ஹெவிசிக்கும் 1949-ல் காப்லி பதக்கம் கிடைத்தது.

“லண்டன் கதை நமக்கெதற்கு?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். ஐயா, இந்த அரங்கத்திலிருந்து பொடிநடையாகப் போனால் ராதாகிருஷ்ணன் சாலை. அது எட்வர்ட் எலியட்ஸ் சாலையாக இருந்த காலத்தில் அங்கே ‘சந்திர விலாஸ்’ என்று ஒரு வீடு. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மெரினாவுக்கு எதிரே மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-ல் 19 வயதில் கப்பல் ஏறிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் வீடு. 1935 ஜனவரியில் லண்டனில் வானியல் சபைக் கூட்டத்தில், நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய தன் கணக்கை எடுத்து வைத்தார். அவருக்குப் பின் எழுந்த பெரிய வானியல் அறிஞர் எடிங்டன், எல்லோர் முன்னிலையிலும் அதைக் கேலி செய்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. நம் பிள்ளைக்கு அப்போது 24 வயது. 1983-ல் நோபல். அடுத்த ஆண்டு, 1984-ல், அதே லண்டனிலிருந்து காப்லி பதக்கம். சிரிப்புக்கும் பதக்கத்துக்கும் நடுவே 49 ஆண்டு. தாமதம்தான். ஆனாலும் அந்த மரியாதை அவர் உயிரோடு இருக்கும்போதே வந்து சேர்ந்ததே, அதை நினைத்தால் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

அந்தக் காலத்தில் கப்பலில் போனவர்களை ஸ்கர்வி என்ற நோய் கொன்று குவித்தது. ஈறு வீங்கி ரத்தம் வடியும், பல் ஆடும், ஆறிய புண் திரும்பத் திறக்கும். கேப்டன் ஜேம்ஸ் குக் 118 பேரோடு 3 ஆண்டு 18 நாள் கடலில் இருந்து திரும்பினார். நோயால் இறந்தவர் ஒரே ஒருவர். கப்பலைச் சுத்தமாக வைத்தது, புளித்த முட்டைக்கோஸ் கொடுத்தது, கரை கண்ட இடத்திலெல்லாம் புதுக் காய்கறியும் நல்ல தண்ணீரும் ஏற்றியது, எல்லாவற்றையும் எழுதி ராயல் சொசைட்டிக்குக் கொடுத்தார். 1776 நவம்பரில் அவருக்குக் காப்லி பதக்கம் அறிவித்தார்கள். அவர் ஜூலையிலேயே அடுத்த பயணம் கிளம்பிவிட்டார். பதக்கம் மனைவி எலிசபெத் கைக்கு வந்தது. 1779 பிப்ரவரியில் ஹவாயில் குக் கொல்லப்பட்டார். அந்தப் பதக்கத்தை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை.

எலிசபெத் அம்மா பெற்ற பிள்ளைகள் ஆறு. மூன்று சின்னதிலேயே போயின. 1780-ல் ஒரு மகன் சூறாவளியில் கப்பலோடு போனான். 1793-ல் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த கடைக்குட்டி காய்ச்சலில் போனான். சில வாரத்தில், 1794 ஜனவரியில், மூத்தவனும் கடலில் போனான். புருஷனும் இல்லை, பெற்றதில் ஒன்றுகூட இல்லை. அதற்கப்புறமும் 41 ஆண்டு இருந்தார் அந்த அம்மா. 1835-ல், 93 வயதில்தான் கண்ணை மூடினார். அத்தனை காலமும் அந்தப் பதக்கம் அவரிடமே இருந்தது. கடைசியில் எங்கே கொடுத்தார் தெரியுமா? உயிலில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார். என் வீட்டுக்காரர் நோய்க்கு ஒரே ஒருவரைத்தான் பறிகொடுத்தார், அதை ஒரு சபை ஒப்புக்கொண்டது, ஊர் பார்க்கட்டும் என்று அந்த மனசு நினைத்திருக்காதா? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நடுவர் அவர்களே, என் வாதத்தில் ஓட்டை இருக்கலாம், எதிரணி அண்ணன் அடுத்த சுற்றில் எடுத்துக் காட்டட்டும். அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு ‘விருதே’ என்று தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.