வேட்டைக்காரர் கோழியும் மக்காச்சோளக் களியும்

வணக்கம் நேயர்களே.

கோழி சமைக்க நம் சேலத்துக்காரர்களுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் பதினோரு வருஷம் பயணிகள் கப்பலில் சமையல்காரனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான், அங்கே செய்ததில் வீட்டில் செய்யக்கூடிய ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, இந்த ஒரு கோழிதான் தோன்றியது. காளான் போட்டு, தக்காளியில் மூடிவைத்து, மெதுவாக வேகவிடுகிற இத்தாலியக் கோழி.

போல்லோ அல்லா காச்சத்தோரா என்பார்கள். போல்லோ என்றால் கோழி, காச்சத்தோரே என்றால் வேட்டைக்காரர். வேட்டைக்காரர் பக்குவத்தில் கோழி, அவ்வளவுதான் அர்த்தம். முயலைக்கூட இதே மாதிரி சமைக்கிறார்கள். பாலேடு கிடையாது, சீஸ் கிடையாது, வெள்ளை சாஸ் கிடையாது. இங்கே சில ஓட்டல்களில் இதே பெயரைப் போட்டு இது மூன்றையும் ஊற்றித் தருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் இது ஒரு கிராமத்துச் சமையல், கையில் இருப்பதை வைத்துச் செய்தது. நம்ம பள்ளிபாளையம் சிக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல்லு, மஞ்சள், உப்பு. மசாலாப் பொடி ஒரு சிட்டிகை உண்டா? இல்லையே. கறி தன் சாற்றிலேயே வெந்து சுருண்டு வருகிறது இல்லையா, அதே யோசனைதான் இதுவும். அதனால்தான் நம் பக்கத்து வீடுகளுக்கு இது ஒத்துப்போகும் என்று நான் நம்புகிறேன்.

சரி, கடைக்குப் போவோம். ஒரு கிலோ கோழி, தோலோடு. குழம்புக்கு வெட்டுகிற மாதிரி பொடியாக வெட்ட வேண்டாம், எட்டே துண்டு போதும் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கத்தி இறங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை. நான் தொடையும் காலும் மட்டும்தான் வாங்குவேன். நெஞ்சுக்கறி இந்தச் சமையலுக்கு ஆகாது, அரை மணி நேரத்தில் நார் நாராகிவிடும். காலில் சவ்வும் ஜவ்வும் அதிகம், அது நிதானமான சூட்டில் கரைந்து சாற்றோடு சேரும்போதுதான் விரலில் ஒட்டுகிற மாதிரி ஒரு வழவழப்பு வரும். அதற்கு எந்த மாவும் கரைத்து ஊற்ற வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் கோழியைக் கழுவுவோம். கழுவுங்கள், ஆனால் அப்புறம் ஒரு சுத்தமான பருத்தித் துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி ஒற்றி ஈரம் போகத் துடையுங்கள். நான் இன்று உங்களிடம் வந்து சொல்ல நினைத்ததே இதைத்தான். ஈரம் இருக்கிற வரைக்கும் கறியின் மேல்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது, தண்ணீருக்கு அதற்கு மேல் சூடு ஏறாது. கறி பொன்னிறமாகி அந்த வறுபட்ட மணம் வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறம் மாறுகிற இந்த வினையை 1912-இல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் எழுதிவைத்தார், அவர் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். ரொட்டியின் மேல்பட்டை, வறுத்த காப்பிக்கொட்டை, நம் முறுகல் தோசை எல்லாவற்றிலும் நடப்பது அதுதான். ஈரக் கறியை எண்ணெயில் போட்டால் அது வறுபடாது, வேகும். வெளுத்துப்போய், தண்ணீர் விட்டு, சப்பென்று நிற்கும்.

நான் ஊர் திரும்பிய புதிதில் என் அக்கா வீட்டில் பன்னிரண்டு பேருக்கு இதைச் செய்தேன். நேரமாகிவிட்டது என்று மூன்று கிலோவையும் ஒரே அண்டாவில் கொட்டிவிட்டேன். அடுப்பு எவ்வளவு எரிந்தும் அண்டா சூடு பிடிக்கவில்லை, கறியிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே வந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள், யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் யாரும் இரண்டாம் தடவை போடச் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து நான்கு துண்டுக்கு மேல் ஒரு ஈட்டில் போடுவதில்லை. துண்டுக்கும் துண்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

பாத்திரம் அடிகனமான எவர்சில்வராக இருக்கட்டும். இரும்பாலை இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அதற்குப் பஞ்சமில்லை. இரும்புச் சட்டி வறுக்க நல்லதுதான், ஆனால் பின்னால் தக்காளியும் வினிகரும் சேர்ந்து அரைமணி நேரத்துக்கு மேல் கொதிக்கும்போது இரும்பு வாடை ஏறிவிடும். எண்ணெய்க்கு அவர்கள் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். எனக்கு செக்குக் கடலை எண்ணெயே போதும், மூன்று மேசைக்கரண்டி. நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், அதன் மணம் தனியாக எழுந்து நிற்கும்.

எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் உப்பும் மிளகுத்தூளும் தடவிய துண்டுகளைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். வைத்ததும் ஒட்டிக்கொள்ளும். பயந்துபோய்க் கரண்டியால் நெம்பாதீர்கள். கப்பலில் என் தலைமைச் சமையல்காரர் ஒரு இத்தாலியர், வயதானவர், அவருக்கு இங்கிலீஷும் சரியாக வராது. நான் அவசரப்பட்டுத் திருப்பப் போகும்போதெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். ஐந்து நிமிஷமோ ஆறு நிமிஷமோ, அவர் கை விடும்போது துண்டு தானாகப் பாத்திரத்தை விட்டிருக்கும். சத்தத்தையும் கேட்கச் சொல்லித்தந்தார், காதருகே கையை வைத்துக் காட்டுவார். முதலில் சடசடவென்று ஈரம் வெடிக்கிற சத்தம், அது அடங்கி, சொய்ங் என்று ஒரே சீரான மெல்லிய சத்தம் வரும்போதுதான் திருப்ப வேண்டும். மறுபக்கம் நான்கு நிமிஷம். எடுத்து ஒரு தட்டில் வைத்துவிடுங்கள், தட்டில் இறங்குகிற சாறையும் கொட்டிவிடாதீர்கள்.

இப்போது காளான். நானூறு கிராம். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், அதைப் பச்சையாகக் குழம்பில் போட்டால் அந்தத் தண்ணீரெல்லாம் குழம்பில் இறங்கி ருசி நீர்த்துப்போகும், காளானும் ரப்பர் மாதிரி இருக்கும். அதனால் கோழி வறுத்த அதே எண்ணெயில், கட்டைவிரல் கனத்துக்கு வெட்டிய காளானைப் பரப்பி விடுங்கள், உப்புப் போடாமல். தண்ணீர் விடும், பிறகு அதுவே வற்றும், வற்றிய பிறகுதான் ஓரங்கள் சிவக்க ஆரம்பிக்கும். எட்டு, பத்து நிமிஷம் ஆகும். சிவந்த பிறகு உப்பு. எடுத்துத் தனியே வையுங்கள். ஒரு விஷயம் கவனித்தீர்களா, காளான் எவ்வளவு நேரம் வெந்தாலும் கத்தரிக்காய் மாதிரி குழைவதில்லை. அதன் செல் சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கிற அதே சரக்கு. அதனால் பயமில்லாமல் வறுக்கலாம்.

எந்தக் காளான்? எல்லாரும் மொட்டுக் காளானைத்தான் கேட்பார்கள். அதற்குக் குளிர்ச்சி வேண்டும், ஊட்டிப் பக்கம் விளையும், சேலத்து வெயிலில் விளைவது கஷ்டம். நான் பால் காளானை வாங்கச் சொல்வேன். 30, 35 டிகிரி சூட்டிலும் விளைகிற காளான் அது, நம் தமிழ்நாட்டு வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் ஏ.பி.கே. 2 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. தண்டு தடிமனாக, கறி மாதிரி கடிபடும், இந்தச் சமையலுக்கு மொட்டுக் காளானைவிட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. சிப்பிக் காளான் இதற்கு வேண்டாம், மெலிசு, சுருங்கிக் காணாமல் போய்விடும். மலையில் இடி மழைக்கு அப்புறம் புற்றுக் காளான் கிடைக்கிறதே, அதைப் போடலாமா என்று ஏற்காட்டில் ஒருவர் கேட்டார். தலைமுறையாகப் பறித்துச் சாப்பிடுகிற மலைவாசிகள் பறித்துத் தந்தால் சாப்பிடுங்கள், படத்தைப் பார்த்து நீங்களாகப் பறிக்கவே கூடாது. விஷக் காளானை வேகவைத்தாலும் வறுத்தாலும் விஷம் விஷம்தான்.

பாத்திரத்தின் அடியில் இப்போது பழுப்பாகக் காந்தல் பிடித்திருக்கும். கருப்பாக இல்லாமல் பழுப்பாக இருந்தால் அதுதான் குழம்பின் உயிர், சுரண்டிக் குப்பையில் போடாதீர்கள். இரண்டு பெரிய வெங்காயம், ஒரு கேரட், இரண்டையும் பொடியாக நறுக்கிப் போட்டு சிம்மில் வையுங்கள். பத்து நிமிஷம், வெங்காயம் சிவக்கக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆகிச் சுருள வேண்டும். கடைசியில் தட்டிய பூண்டு ஆறு பல். அப்புறம் அங்கே ஒரு தம்ளர் ஒயின் ஊற்றுவார்கள், வடக்கே பெரும்பாலும் வெள்ளை, தெற்கே சிவப்பு. நம் வீட்டில் அது தேவையில்லை. இரண்டு மேசைக்கரண்டி வினிகரை அரைத் தம்ளர் தண்ணீரில் கலந்து ஊற்றினால் போதும். இது ஏதோ ஈடுகட்டுவதற்கான வேலை என்று நினைக்காதீர்கள், ரோம் பக்கத்தில் தக்காளியே போடாமல் வினிகரும் பூண்டும் ரோஸ்மேரியும் மட்டும் வைத்துச் செய்கிற பக்குவம் இருக்கிறது. தக்காளி அமெரிக்காவிலிருந்து இத்தாலிக்குப் போனதே 16ஆம் நூற்றாண்டில்தானே. வினிகர் கொதிக்கும்போது மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிவிடுங்கள், காந்தல் முழுக்கக் கரைந்து சாறு காப்பி நிறமாகும்.

தக்காளி அரைக் கிலோ. பாலக்கோட்டுத் தக்காளி வருகிறதே, அதில் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து வெந்நீரில் போட்டுத் தோலுரித்துக் கையால் பிசைந்து சேருங்கள். ரோஸ்மேரி ஒரு கொத்து, ஏற்காட்டில் சில வீடுகளில் தொட்டியில் வைத்திருக்கிறார்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பிரிஞ்சி இலையைப் போட்டு ஒப்பேற்றலாம் என்பார்கள், நான் போடுவதில்லை, ஐரோப்பாவில் போடுகிற இலை வேறு மரம், நம் பிரிஞ்சி இலை லவங்கப்பட்டை வாசம் அடிக்கும். அதைவிட ஏற்காட்டு மிளகை அப்போதே இடித்து ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவது நல்லது. இனி கோழியைத் தட்டுச் சாறோடு உள்ளே இறக்கி, மூடி, சிம்மில் வையுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து போனால் சரி. பிராய்லர் என்றால் நாற்பது நிமிஷம், நாட்டுக்கோழி என்றால் ஒன்றே கால் மணி நேரத்துக்குக் குறையாது. கடைசிப் பதினைந்து நிமிஷத்துக்குக் காளானைச் சேர்த்து, மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்து, சாறு இறுகவிடுங்கள்.

இந்த நேரக் கணக்கு கீழே சேலத்துக்கு. ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் விருந்தினர்களுக்காக நாட்டுக்கோழியில் இதைச் செய்தேன், இதே கணக்கில் மூடியைத் திறந்தால் கறி எலும்பை விடவே இல்லை. குழந்தைகளோடு வந்தவர்கள் பசியோடு காத்திருந்தார்கள், எனக்குக் கை ஓடவில்லை. அப்புறம்தான் விளங்கியது, இருபது கொண்டைஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கீழே 99. நான்கு டிகிரிதான், ஆனால் நாட்டுக்கோழிச் சவ்வு கரைய அது நிறையக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் மலைக்குப் போனால் அரைமணி நேரம் முன்னாலேயே அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறேன்.

என் அம்மாவுக்கு முதல் தடவை செய்து கொடுத்தபோது அடுப்படியை விட்டு நகரவே இல்லை. "ஏங்கண்ணு, மல்லித்தூள் ரெண்டு கரண்டி போட்டா என்ன கெட்டுப்போயிடும்?" என்று மூன்று தடவை கேட்டார்கள். "இன்னிக்கு ஒரு நாள் இப்படிச் சாப்பிட்டுப் பாரும்மா, அடுத்த தடவை நீ சொல்றபடி செய்யறேன்" என்றேன். சோற்றில் போட்டுப் பிசைந்து பார்த்தார்கள், புளிப்பு தூக்கலாக இருக்கிறது, சோற்றுக்குச் சேரவில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரி, எனக்கும் அப்படித்தான் பட்டது. வட இத்தாலியில் இதைப் பொலெந்தாவோடு சாப்பிடுவார்கள் என்று சொன்னேன். அது என்ன என்றார்கள். மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கட்டி விழாமல் கிண்டுவது என்றேன். "அட, களின்னு சொல்லு" என்றார்கள்.

களிதான். ஆத்தூர், தலைவாசல் பக்கம் போனால் இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடுதான், ஆனால் அது பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது, நம் தட்டுக்கு வருவதில்லை. அம்மா மறுநாளே மாவு அரைத்து வரச் சொன்னார்கள். ஒரு பங்கு மாவுக்கு நாலு பங்கு தண்ணீர், உப்பு, ராகிக் களிக்குக் கிண்டுகிற அதே துடுப்பு. ராகியைவிட நேரம் பிடிக்கிறது, முக்கால் மணி நேரம், கை வலிக்கும், நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கிண்டினோம். மஞ்சளாக, ஆவி பறக்க, தட்டில் உருட்டி வைத்து, நடுவில் கரண்டியால் ஒரு குழி பறித்து, அதில் காளானும் ஒரு தொடையும் சாறும் ஊற்றி அம்மா என் பக்கம் நகர்த்தினார்கள். மல்லித்தூள் டப்பாவை அன்று அவர்கள் எடுக்கவே இல்லை.