ராணி தலைப் பவுன்

வணக்கம். நகைக்கடையில் "இன்னைக்கு சவரன் என்ன விலை?" என்று கேட்கிறோமே, அந்தச் சவரன் 'சாவரின்' என்ற பிரிட்டிஷ் தங்கக் காசின் பெயர்தான். எடை 7.988 கிராம், 22 காரட். விக்டோரியா ராணி தலை போட்ட சாவரின்களைத்தான் பல வருஷமாகத் தேடி வருகிறேன்.

எல்லாம் ஒரே எடை, ஒரே மாற்று. அப்புறம் ஒன்றுக்கு மட்டும் ஏன் பல மடங்கு விலை? தராசு சொல்லாது, லென்ஸ் சொல்லும்.

எங்கள் பாட்டியின் காசுமாலையில் 1864ஆம் வருஷத்துக் காசு ஒன்று. பின்பக்கம் கேடயம், சுற்றி இலைவளையம். வளையத்து முடிச்சின் கீழே கடுகளவு ஏதோ இருந்தது. அழுக்கு என்றே நினைத்திருந்தேன். லென்ஸில் பார்த்தால் 47! லண்டன் நாணயச்சாலையில் 1863 முதல் 1874 வரை கேடயக் காசின் அச்சுகளுக்கு இப்படி எண் போட்டார்கள். சில எண்கள் அடிக்கடி கிடைக்கும், சிலது கண்ணில் படவே படாது.

எனக்குப் பிடித்தது 1859. அந்த வருஷம் நாணயச்சாலைக்கு வந்த ஆஸ்திரேலியத் தங்கத்தில் ஆன்டிமனி, ஆர்சனிக், ஈயம் எல்லாம் கலந்திருந்தது. தட்டினால் முறுக்கு மாதிரி நொறுங்கியது. வேண்டாம் என்று தள்ள இருந்ததை, அங்கே வேலை பார்த்த ஆன்செல் என்பவர் கேட்டு வாங்கி, பக்குவப்படுத்திக் காசாகவே அடித்துக் காட்டினார். அந்தக் காசுகளில் ராணியின் கூந்தலைக் கட்டிய நாடாவில் கூடுதலாக ஒரு கோடு. ஒரே ஒரு கோடு!

எனக்கும் ஒரு 1859 கிடைத்தது. ஓடிப்போய் லென்ஸை வைத்தேன். மாலையில் கோர்க்க வளையம் வைத்த பத்தர், பற்றவைத்த பொடியை அந்த நாடா மேலேயே வழிய விட்டிருக்கிறார். கோடு இருக்கிறதா இல்லையா, இன்றுவரை தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், பழைய காசைத் தேய்க்காதீர்கள், வளையம் வைக்காதீர்கள். உருக்கவே உருக்காதீர்கள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிஷம்தானாம். சரி, சிட்னிக் காசு. 1855 முதல் சிட்னியிலும் அடித்தார்கள். முதலில் ஊர்ப் பெயரையே பொறித்தார்கள், 1871 முதல் வெறும் 'எஸ்' எழுத்து. மெல்போர்னுக்கு 'எம்'. கேடயக் காசில் அது நான் சொன்ன அதே முடிச்சுக்குக் கீழே இருக்கும். கேடயத்துக்குப் பதில் குதிரைவீரன் போட்ட காசில் இடம் மாறும், அதை இன்னொரு நாள் பார்ப்போம். வணக்கம்.