கரையில் தங்கும் காசு

வணக்கம், மும்பைத் தமிழ் நேயர்களே. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மாட்டுங்காக்காரரும் தாராவிக்காரரும் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு: கேட்வே ஆஃப் இந்தியாவில் படகேற்றி எலிஃபெண்டா தீவின் குகைக்கோயிலைக் காட்டுவது. 1987 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம், கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்தக் கூட்டத்தால் தீவுக்கு என்ன மிஞ்சுகிறது?

ஒரு மணி நேரப் படகுப் பயணம், ஒரு குட்டி ரயில், பிறகு நூற்றுச் சொச்சம் படிகள். படியோரமெல்லாம் கடைகள்: தொப்பி, பாசிமணி, கல் யானை, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய வெள்ளரிக்காய். ஏற முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போக நாலு பேர். தீவுக்காரர் கைக்கு நேரே வருவது பெரும்பாலும் இந்தப் படிகளில் புழங்கும் பணம்தான். மாலைக்குள் பயணிகள் திரும்பிவிட வேண்டும். இரவு தங்க முடியாது. திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை, ஆகவே கல்லாவுக்கும் விடுமுறை. கடலடியில் கேபிள் போட்டு மின்சாரம் வந்ததே 2018இல்தான்.

மகாராஷ்டிரத்தின் தென்கோடிக் கடலோர மாவட்டமான சிந்துதுர்க்கில் கதை வேறு. 1997இல் சுற்றுலா மாவட்டமாக அறிவிக்கப்பட்ட இடம். மால்வண், தார்கர்லி பக்கம் சொந்த வீட்டிலேயே அறை ஒதுக்கி ‘நிவாஸ் நியாஹாரி’ (தங்கலும் காலை உணவும்) நடத்துகிறார்கள். இரவு தங்குகிறவர் மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடுகிறார். மீன் உள்ளூர் ஏலத்தில் எடுத்தது, தேங்காய் பக்கத்துத் தோப்பு, கோகம் என்ற புளிப்புப் பழமும் அதே மண். அவர் கொடுத்த நூறு ரூபாய் ஊரைவிட்டு வெளியேறுவதற்குள் நாலைந்து கை மாறிவிடும். தலையை மட்டும் எண்ணிப் பெருமைப்படும் சுற்றுலா அறிக்கைகள் எனக்குச் சலிப்பூட்டுவது இதனால்தான். எத்தனை இரவு தங்கினார்கள் என்றல்லவா கேட்க வேண்டும்?

எந்த மாதம் வந்தார்கள் என்பதும் முக்கியம். மகாராஷ்டிரத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மழை கொட்டும் மாதங்களும் அவைதான். கேட்வேயிலிருந்து அலிபாக் பக்கத்து மாண்ட்வா போகும் படகுகளும் நின்றுவிடுகின்றன. வலையும் சும்மா, அறையும் சும்மா. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையிலோ தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ராமேஸ்வரத்திலும் வேளாங்கண்ணியிலும் கூட்டம் நெரியும். விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் ஓர் அறை வாடகைக்குப் போனால் அடுப்பு தடையின்றி எரியும். மே மாதம் மும்பையிலிருந்து குடும்பத்தோடு இறங்கும் நாமோ, பஸ் நிலையத்தை ஒட்டிய லாட்ஜில்தான் பெட்டியை வைக்கிறோம். மீனவர் தெருவில் ‘அறை வாடகைக்கு’ என்ற பலகையை நான் பார்த்தது அரிது.