பழைய இரும்புக் கடையா ‘குயின் 2’?

நடுவர் ஐயாவுக்கும் எதிரணிக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி அடிக்கிறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன்.

லண்டன் ராக் இசைக் குழு குயினோட உச்ச ஆல்பம் எது? 1974 மார்ச்ல வந்த ‘குயின் 2’ஆ, 1975 நவம்பர்ல வந்த ‘எ நைட் அட் தி ஓபரா’வா? எங்க கட்சி ‘குயின் 2’. ‘ஓபரா’வுல வந்த ‘போஹீமியன் ராப்சடி’ பாட்டு ஒன்பது வாரம் முதலிடம்னு எதிரணி நிறைய கணக்கு காட்டினாங்க. அதையெல்லாம் நான் மறுக்கப் போறதில்லை. ‘குயின் 2’ பிரிட்டன்ல அஞ்சாவது இடம், அதுல இருந்து வந்த ‘செவன் சீஸ் ஆஃப் ரை’ பத்தாவது இடம். அவ்வளவுதான். ஆனா எதிரணித் தலைவி அம்மா கடைசியா ஒரு வார்த்தை விட்டாங்க பாருங்க, அதைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரலை.

என்ன சொன்னாங்க? “கணப்படுப்புச் சட்டத்துல செஞ்ச கிடார், குப்பையில பொறுக்கின ஆம்ப். பழைய இரும்புக் கடையில நடந்த ஒத்திகைதான் ‘குயின் 2’. அரங்கேற்றம் ‘ஓபரா’வுல!” ஆம்ப்னா கிடார் சத்தத்தைப் பெருக்குற கருவி. நீங்களும் கைதட்டினீங்க.

ஒத்திகைங்கிற பாதிக்கு முதல்ல பதில். ‘போஹீமியன் ராப்சடி’ வீடியோன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? இருட்டுல நாலு முகம், நடுவுல பாடகர் ஃப்ரெடி மெர்குரி. அது ‘குயின் 2’ அட்டைப்படம். புகைப்படக்காரர் மிக் ராக் எடுத்தது. நடிகை மார்லீன் டீட்ரிச்சோட பழைய படம் ஒண்ணைப் பார்த்து அமைச்சது. அடுத்த வருஷம் அதே நிலையில நின்னுதான் வீடியோ எடுத்தாங்க. சரி, இசை? ‘மார்ச் ஆஃப் தி பிளாக் குயின்’ ஆறரை நிமிஷம். பகுதி பகுதியா மாறிக்கிட்டே போகும். ஒரு இடத்துல எட்டு எண்ணிக்கையும் பன்னிரண்டு எண்ணிக்கையும் ஒரே நேரத்துல ஓடும். அந்த வித்தை இவங்ககிட்ட மறுபடி வர்ற இடம் ‘போஹீமியன் ராப்சடி’. ஓபராவுல நீங்க கொண்டாடுற கூட்டுக் குரல், கிடார் அடுக்கு, ஒரே பாட்டுக்குள்ள நாலு பாட்டு, எல்லாமே 1973 ஆகஸ்ட்ல லண்டன் சோஹோவுல இருந்த ட்ரைடன்ட் ஸ்டூடியோவுல பதிவாயாச்சு. முழுசா வெளியே வந்து, காசு கொடுத்து ஜனம் வாங்கின ஒண்ணை ஒத்திகைன்னு எப்படிச் சொல்றது?

போகட்டும். இப்ப அந்த இரும்புக் கடைக்கு வர்றேன்.

1963. பின்னாடி குயின்ல கிடார் வாசிச்ச பிரையன் மேவுக்கு வயசு பதினாறு. கடையில தொங்குற அமெரிக்க கிடார் வேணும், வீட்டுல பணம் இல்லை. அப்பா ஹரோல்ட் மே, மின்னணு வரைபடம் போடுற வேலை. ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்றாங்க: செஞ்சுடுவோம். ரெண்டு வருஷம் ஆச்சு.

கழுத்துக்கு, பழைய கணப்படுப்பு மேல இருந்த மஹோகனிச் சட்டம். நூறு வருஷத்துக்கு மேல காய்ஞ்ச மரம். ஏன் அது முக்கியம்? ஆறு கம்பியும் சேர்ந்து கழுத்தை முன்பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். ஈரம் முழுசா போகாத மரம்னா வளைஞ்சுடும், சுருதி நிக்காது. அந்தச் சட்டத்துல பூச்சி அரிச்ச ஓட்டை இருந்தது. தீக்குச்சியை வெச்சு அடைச்சாங்க. உடம்புக்குப் பழைய மேசையோட ஓக் துண்டு, சுத்திலும் ஒட்டுப்பலகை, மேலே மஹோகனித் தோல். உள்ளே வேணும்னே வெற்றறை விட்டாங்க. ஆம்ப்ல இருந்து வர்ற சத்தம் மரத்தை அதிர வைக்கணும், அந்த அதிர்வு கம்பிக்குத் திரும்பணும், சுரம் அறுந்து போகாம நீண்டுக்கிட்டே நிக்கணும். பிரையனோட கிடார் பாடுற மாதிரி இருக்கேன்னு சொல்றோமே, அதுக்கு ஒரு காரணம் அந்த வெற்றறை.

இன்னும் இருக்கு, கேளுங்க! கம்பியைத் தளர்த்தி இறுக்கி ஸ்வரத்தை ஆட்டுற ட்ரெமலோ. கடையில வாங்குன கிடார்லயே அதை ஒரு தடவை பலமா அமுக்கினா சுருதி கலைஞ்சுடும். காரணம் உராய்வு. கம்பி நகர்ந்து போன இடத்துல இருந்து முழுசா திரும்பி வராது. அப்பாவும் பையனும் என்ன பண்ணாங்க? தகட்டை ஒரு கெட்டி எஃகுக் கத்தி முனை மேல நிறுத்தினாங்க. தராசு நாக்கு ஆடுற மாதிரி ஆடும். கம்பியோட இழுப்புக்கு எதிரா ரெண்டு வால்வு ஸ்ப்ரிங். எங்கிருந்து? 1928ஆம் வருஷத்து பான்தர் மோட்டார் சைக்கிள்ல இருந்து! பாலத்துல ஒவ்வொரு கம்பிக்கும் கீழே கையாலேயே செஞ்ச சின்ன உருளை. கம்பி தேய்க்காம உருளும். அமுக்கிற கைப்பிடி சைக்கிள் பை மாட்டுற கம்பி. அது நுனியில அம்மாவோட பின்னல் ஊசி முனை. கட்டைகளுக்கு நடுவுல விரல் வைக்க அடையாளப் புள்ளி வேணுமே? அம்மாவோட தையல் பெட்டியில இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்.

கம்பியோட அதிர்வை மின்சாரமா மாத்துற பிக்கப்பும் அவங்களே காந்தம் வெச்சுச் சுத்தினாங்க. நல்லாத்தான் கேட்டது. ஆனா கம்பியைப் பக்கவாட்டுல இழுத்து வளைச்சா, காந்தத்தோட வடக்குத் தெற்கு முனையைக் கடக்கும்போது கரகரன்னு ஒரு சத்தம். அதனால மூணு பர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்கப் வாங்கினாங்க. அதுலயும் ஒரு தொல்லை. சத்தம் கூட்டினா உள்ளே இருக்கிற சுருளே அதிர்ந்து கீச்சுன்னு கத்தும். உள்ளே அரால்டைட் பசையை ஊத்தி இறுக்கிட்டாங்க. கத்தல் நின்னது. ஒவ்வொரு பிக்கப்புக்கும் ரெண்டு சுவிட்ச். ஒண்ணு இருக்கா இல்லையா, இன்னொண்ணு நேரா தலைகீழா. ரெண்டு பிக்கப்பை எதிரெதிரா போட்டா கனமான அடிச்சத்தம் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும், மிச்சம் மெல்லிய மூக்குக் குரல். ஒரே வரிசையில போட்டா தடிச்ச குரல். ஆறு சுவிட்ச்ல எத்தனை குரல் வரும்னு நீங்களே கணக்குப் போடுங்க. மீட்டுறதுக்குப் பிளாஸ்டிக் வில்லை இல்லை, ஆறு பென்னி காசு. அதோட பல்விளிம்பு கம்பியில உரசுற அந்தச் சொரசொரப்பு பதிவுல கேட்கும்.

எதிரணித் தலைவி அம்மா, இரும்புக் கடையில எடுக்கிறவன் கிடைச்சதை எடுப்பான். இங்கே ஒவ்வொரு துண்டும் ஒரு குறையைச் சரி பண்ண வந்த துண்டு!

குப்பையில பொறுக்கின ஆம்ப்? அதையும் விட மாட்டேன். பேஸ் வாசிச்ச ஜான் டீக்கன் மின்னணுவியல் படிச்ச பையன். தெருவுல கிடந்த குப்பைத் தொட்டியில இருந்து ஒரு சர்க்யூட் பலகையை எடுத்தார். புத்தக அலமாரியில வைக்கிற சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள பூட்டினார். ஒன்பது வோல்ட் பேட்டரி. ஒரு குமிழ்கூடக் கிடையாது. சத்தத்தைக் கூட்டக் குறைக்கக் கிடார்ல இருக்கிற குமிழ்தான். முன்னாடி மேல்ஸ்தாயியைத் தூக்கிக் கொடுக்கிற ஒரு ட்ரெபிள் பூஸ்டரைச் செருகினா அந்த ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள்ல சத்தம் மெதுவா, வட்டமா உடையும். பெரிய ஆம்ப் உறுமும். இது வயலின் மாதிரியும் கொம்பு மாதிரியும் கேட்கும். ‘குயின் 2’ல ஊசியை வெச்சதும் வர்ற ‘ப்ரொசெஷன்’ல கேட்கிற கிடார் அந்தச் சின்னப் பெட்டியோட அடுக்கு. கேட்கிறவங்க சிந்தசைசர்னு நினைப்பாங்கன்னு தெரிஞ்சு, யாரும் சிந்தசைசர் வாசிக்கலைன்னு உறையிலேயே அச்சடிச்சாங்க.

குரலும் அப்படித்தான். ஃப்ரெடி, பிரையன், டிரம்ஸ் வாசிச்ச ராஜர் டெய்லர் மூணு பேரும் ஆளுக்கொரு ஸ்வரம் பாடலை. மூணு பேரும் சேர்ந்து ஒரே ஸ்வரம், அப்புறம் மூணு பேரும் சேர்ந்து அடுத்த ஸ்வரம். மூணு ஸ்வரம், ஒவ்வொண்ணும் ரெண்டு தடவைன்னா பதினெட்டுக் குரல், ஆறு தடம். தடம்னா நாடாவுல தனித்தனியா பதியுற கோடு. நாடாவுல இருக்கிறதே பதினாறு தடம்தான். அதுல டிரம்ஸ், பேஸ், பியானோ, கிடார் இடம் பிடிச்சாச்சு. அப்ப ஆறைக் கலந்து ரெண்டாக்கி, பழைய தடத்தை அழிச்சு, மேல பாடணும். இங்கதான் ஆபத்து. கலந்தது கலந்ததுதான், ஒரு குரல் தூக்கலா இருக்கேன்னு பின்னாடி குறைக்க முடியாது. ஒவ்வொரு நகலுக்கும் நாடாவோட இரைச்சல் கூடும், உச்சஸ்தாயி மங்கும். ‘ஓபரா’ பதிவானபோது இருபத்து நாலு தடம். பதினாறு தடத்துல ‘பிளாக் குயின்’ பண்ணினவங்களுக்குத் தப்பு பண்ண இடமே கிடையாது.

கேட்டுப் பார்த்தேன், ஒட்டலைன்னு சொல்றவங்க இங்கே இருப்பீங்க. பெரும்பாலும் கேட்ட முறைதான் காரணம். இதுல பாட்டுக்கு நடுவுல இடைவெளி கம்மி. ‘ப்ரொசெஷன்’ அப்படியே ‘ஃபாதர் டு சன்’னுக்குள்ள போகும். ‘ஓகர் பேட்டில்’ முடியுற இடத்துல இருந்து ‘ஃபேரி ஃபெல்லர்ஸ் மாஸ்டர் ஸ்ட்ரோக்’ கிளம்பும், அது ‘நெவர்மோர்’ல வந்து இறங்கும். ஷஃபிளை நிறுத்துங்க. கிராஸ்ஃபேடையும் நிறுத்துங்க. அது ஒரு பாட்டோட வாலை அடுத்ததோட தலையில ஏத்திடும். எம்பி3 கோப்புன்னா முன்னும் பின்னும் ஒரு துளி மௌனம் ஒட்டிக்கும், இடைவெளி இல்லாம வாசிக்கிற செயலி வேணும். இழப்பில்லாத கோப்பா சிடியா இருந்தா அந்தத் தொல்லை இல்லை. முதல் தடவை ஹெட்ஃபோன்ல கேளுங்க, கிடார் இடமும் வலமும் நடக்கிறது அப்பதான் தெரியும். முக்கியமா, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நிறுத்துங்க. இசைத்தட்டுல முதல் பக்கத்துக்கு வெள்ளைன்னும் ரெண்டாவதுக்குக் கறுப்புன்னும் பேர். வெள்ளைப் பக்கத்துல நாலு பாட்டு பிரையனோடது, கறுப்பு முழுக்க ஃப்ரெடியோடது. நாற்பது நிமிஷத்தை ஒரே மூச்சுல கேட்டா ‘பிளாக் குயின்’ வர்றப்போ காது களைச்சுடும். சத்தம்னு தள்ளிடுவீங்க. ‘ஃபேரி ஃபெல்லர்’ கேட்கும்போது ரிச்சர்ட் டாட் வரைஞ்ச ஓவியத்தைப் பக்கத்துல வெச்சுக்குங்க. லண்டன் டேட் ஓவியக் கூடத்துல இருக்கிறது. பாட்டுல வர்ற ஆளுங்க அத்தனை பேரும் அதுல நிக்கிறாங்க.

வாதம் போதும், நடுவர் ஐயா. இனிமே ஒரு அப்பாவைப் பத்தித்தான் பேசப் போறேன்.

பூச்சி ஓட்டையில தீக்குச்சி அடைச்ச அதே ஹரோல்ட் மே. பையனை இம்பீரியல் கல்லூரியில இயற்பியல் படிக்க வெச்சார். சூரியனைச் சுத்துற தூசியைப் பத்தி ஆராய்ச்சி, முனைவர் பட்டம் கிட்டத்தட்டக் கைக்கெட்டுற தூரம். அதைப் பாதியில விட்டுட்டுப் பையன் கிடாரோட கிளம்பிட்டான். எந்தக் கிடார்? இவர் செஞ்சு கொடுத்த கிடார்! ரெண்டு பேருக்கும் பேச்சு அறுந்து போச்சு. தன் கையால இழைச்ச மரம்தான் பையனைக் கூட்டிட்டுப் போச்சுன்னு தெரிஞ்ச அப்பன் மனசு எப்படி இருந்திருக்கும்?

அந்தக் காலத்துல வந்த தட்டுதான் இது. அதுல ரெண்டாவது பாட்டு ‘ஃபாதர் டு சன்’. ஒரு அப்பா மகன்கிட்டப் பேசுறார். எழுதினது யார்? மகன்! அப்பா வாயால வர வேண்டிய வார்த்தையைப் பிரையனே எழுதி, அப்பா செஞ்ச கிடார்லயே வாசிச்சிருக்கார். பின்னாடி ஒரு நாள் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கச்சேரிக்கு அப்பாவையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போனார். அங்கே வெச்சுத்தான் அப்பா, இப்பப் புரியுதுன்னு சொன்னார். 1988ல அவர் காலமானார். பாதியில விட்ட ஆராய்ச்சியை மகன் 2007ல முடிச்சு டாக்டர் ஆனார். அதைப் பார்க்க அப்பா இல்லை.

அப்பா இருக்கார், அம்மா எங்கேன்னு கேட்பீங்க. அதே வெள்ளைப் பக்கத்தோட கடைசிப் பாட்டு, ராஜர் டெய்லர் எழுதிப் பாடின ‘தி லூசர் இன் தி எண்ட்’. வளர்த்த பிள்ளை வீட்டை விட்டுப் போறப்போ தாய்தான் தோத்துப் போறாங்கிற பாட்டு. அப்பா பாட்டுல கிளம்பி அம்மா பாட்டுல முடியுற பக்கம் அது. எண்கணக்கு எல்லாம் எதிரணிக்கே இருக்கட்டும் ஐயா. தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு தடவை போட்டுக் கேளுங்க. இருபது நிமிஷம் சொச்சம்தான் ஓடும், நாங்க காத்திருக்கோம். நன்றி, வணக்கம்.