617 ஓட்டு வாங்கிய சுரங்கத் தொழிலாளி

தலைவர் அவர்களே, தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'தொழிற்சங்கத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பத்துப் பேரைப் பற்றிப் பேசலாம். ஆனால் நான் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் கீர் ஹார்டி. பிரிட்டனில் தொழிற்கட்சி உருவான கதையைச் சொன்னால் முதலில் வரும் பெயர் இவருடையது. கட்சி வளர்ந்த கதை இருக்கட்டும். தொழிலாளிக்குத் தனிக் கட்சி வேண்டும் என்று இந்த மனிதர் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தார் என்பதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

1856இல் லனார்க்‌ஷயர் நிலக்கரிப் பகுதியில் பிறந்தவர். தாய் மேரி கீர், வீட்டு வேலை செய்தவர். மகன் பிறந்தபோது அவருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. பிறகு டேவிட் ஹார்டி என்ற கப்பல் தச்சரை மணந்தார். பையன் பள்ளிக்கூடம் போய் உட்கார்ந்து படிக்க வழியில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது தாய்தான்.

கிளாஸ்கோவில் ஒரு ரொட்டிக் கடையில் எடுபிடி வேலை. வீட்டில் அப்பாவுக்கு வேலையில்லை, தம்பிக்குக் காய்ச்சல், அம்மா நிறைமாதம். பையன் கொண்டுவரும் கூலிதான் வருமானம். ராத்திரியெல்லாம் தம்பி பக்கத்தில் கண்விழித்துவிட்டுக் காலையில் தாமதமாகப் போனான். முதலாளி கூப்பிடுகிறார் என்று மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே குடும்பம் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. முதலாளி பக்திமான். ஜெபம் முடியும்வரை பையன் வெளியே காத்திருந்தான். ஜெபம் முடிந்ததும் உள்ளே கூப்பிட்டு, வேலையும் போச்சு, ஒரு வாரக் கூலியும் அபராதம் என்று அனுப்பிவிட்டார். இந்தச் சம்பவத்தை ஹார்டியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினார். நிலத்துக்கடியில் காற்றோட்டத்துக்கு மரக்கதவுகள் இருக்கும். வண்டி வரும்போது திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். இருட்டில், தன்னந்தனியாக, நாள் முழுக்க. வளர்ந்த பிறகு சுருக்கெழுத்தும் கற்றார். கரி படிந்த கல்லில் குண்டூசியால் கீறிப் பழகினாராம். ஓய்வாகப் படித்த நமக்கெல்லாம் சுருக்கெழுத்து வரவில்லை, அதை விடுங்கள்.

சங்கம் பேச ஆரம்பித்தார். விளைவு என்ன? அவரையும் தம்பிகளையும் கருப்புப் பட்டியலில் போட்டார்கள், அந்த வட்டாரத்துச் சுரங்கம் எதிலும் வேலை கிடையாது. 1879இல் தொழிலாளர்களே அவரைச் சங்க வேலை பார்க்கும் தங்கள் முகவராக வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு நடந்த வேலைநிறுத்தம் தோற்றது. அயர்ஷயரில் கம்னாக் என்ற ஊருக்குக் குடிபோனார். அங்கேயும் ஒரு வேலைநிறுத்தம், அதுவும் தோல்வி. உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதிப் பிழைத்தார். 1886இல் அயர்ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் ஆனார்.

அதுவரை ஹார்டியும் அன்றைய பெரிய கட்சிகளில் ஒன்றான லிபரல் கட்சிக்காரர்தான். அன்றைக்குத் தொழிலாளர் பிரதிநிதி என்றால் லிபரல் கட்சியின் தயவில் ஒரு தொகுதி வாங்கி உள்ளே போய் உட்காருவதுதான் வழக்கம். 1888இல் மிட் லனார்க் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. ஹார்டி கேட்டார், லிபரல் கட்சி மறுத்தது. சரி, நான் தனியாக நிற்கிறேன் என்றார். உடனே பேரம் ஆரம்பித்தது. இப்போது விலகிக்கொள், அடுத்த பொதுத்தேர்தலில் ஒரு தொகுதி தருகிறோம், ஆண்டுக்கு 300 பவுன் சம்பளமும் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். அந்தக் காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளமே கிடையாது, 1911இல்தான் வந்தது. சுரங்கத்தில் வேர்வை சிந்திய ஒருவருக்கு 300 பவுன் என்றால் யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்றுவிட்டார். வாங்கிய ஓட்டு 617. மூன்று பேரில் கடைசி.

என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையிலேயே பெரிய தேர்தல் அதுதான். பேரத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால் நல்ல சம்பளத்தோடு இன்னொரு லிபரல் உறுப்பினர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான். தோற்ற சில மாதங்களிலேயே ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சி பிறந்தது. 1892இல் லண்டன் பக்கம் வெஸ்ட் ஹாம் சவுத் தொகுதியில் ஜெயித்தார். எல்லோரும் பட்டுத் தொப்பியும் கருப்புக் கோட்டுமாக வரும் சபைக்கு இவர் ட்வீட் கோட்டும் சாதாரணத் தொப்பியுமாகப் போனார். பத்திரிகைகள் அதை ஒரு தேசியப் பிரச்சினை போல எழுதின. 'வேலையில்லாதவர்களின் உறுப்பினர்' என்று பட்டப்பெயரும் வந்தது.

1894 ஜூன் 23ஐக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். அன்றைக்குத் தெற்கு வேல்ஸில் கில்வினித் என்ற இடத்தில் ஆல்பியன் சுரங்கம் வெடித்தது. பெரியவர்களும் சிறுவர்களுமாக 290 பேர் செத்தார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அடுத்த நாள் பிரான்ஸ் ஜனாதிபதி கார்னோவைக் கத்தியால் குத்தினார்கள், அவர் இறந்துபோனார். நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை கார்னோவுக்கு இரங்கல் சொன்னது, குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. சுரங்கத்தில் செத்தவர்களுக்கும் ஒரு வரி சேருங்கள் என்று ஹார்டி கேட்டார். முடியாது என்றார்கள்.

ஹார்டி எழுந்து பேசினார். சபை ஊளையிட்டது. அவர் நிறுத்தவில்லை. இந்தக் குழந்தையைச் சிறுவயதிலிருந்தே துதிபாடிகள் சூழ்ந்திருப்பார்கள், உலகம் சுற்ற அனுப்புவார்கள், தகுதிக்குப் பொருந்தாத கல்யாணம் என்று வதந்தி வரும், கடைசியில் செலவை நாடு கட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லி முடித்தார். அந்தக் குழந்தை யார் தெரியுமா? 1936இல் வாலிஸ் சிம்ப்சனைக் கல்யாணம் செய்துகொள்ள முடி துறந்த எட்டாம் எட்வர்ட். ஜோசியம் பலித்தது என்று எல்லோரும் வியப்பார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. அன்றைக்கு ஒரே ஓர் ஆள் எழுந்து நின்று 290 பேரை ஞாபகப்படுத்தினார், நான் மதிப்பது அதைத்தான்.

1895இல் தொகுதி போனது. 1899இல் ஓவர்டன் பிரபுவின் ரசாயன ஆலையைப் பற்றித் துண்டுப் பிரசுரம் எழுதினார். கிளாஸ்கோ பக்கம் இருந்த ஆலை அது. பிரபு பெரிய கொடையாளி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளை யாரும் மீறக் கூடாது என்பவர். அவருடைய ஆலையில் ஆட்கள் வாரம் ஏழு நாளும், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் வேலை செய்தார்கள். குரோமியத் தூசி அவர்கள் மூக்குத் தண்டையே அரித்து ஓட்டை போட்டது. ஹார்டியும் ஆழ்ந்த கிறிஸ்தவர், மதுவிலக்குப் பிரசாரகர். அதனால்தான் அந்த எழுத்தில் அவ்வளவு சூடு. அந்த ரொட்டிக் கடை முதலாளியின் ஜெபம் அவர் காதில் ஒலித்திருக்கும் என்பது என் ஊகம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 1880களின் கடைசியில் அயர்ஷயர் இரும்பாலைக்கு லிதுவேனியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தபோது, கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று ஹார்டி அவர்களைத் தரக்குறைவாக எழுதினார். ஆத்திரம் முதலாளிமேல் போயிருக்க வேண்டும், போகவில்லை. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனமில்லை. இருபது ஆண்டுக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில், கறுப்பினத் தொழிலாளர்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக் கல்லடி பட்டவரும் இவர்தான்.

அந்தப் பயணத்தில்தான் இந்தியாவும் வந்தார். 1907, வங்கப் பிரிவினை கொதித்துக்கொண்டிருந்த நேரம். கனடாவைப் போல இந்தியாவும் தன்னைத்தானே ஆள வேண்டும் என்றார். லண்டன் பத்திரிகைகள் ராஜதுரோகி என்ற கணக்கில் எழுதித் தள்ளின.

கட்சி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1900இல் சங்கங்களும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்து தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை அமைத்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் ஜெயித்தவர்கள் இரண்டே பேர், வேல்ஸின் மெர்தர் டிட்ஃபில் தொகுதியில் ஹார்டி ஒருவர். 1901இல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில், வேலைநிறுத்த நஷ்டத்தைச் சங்கமே கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 23,000 பவுன்! அதுவரை தயங்கிய சங்கங்களெல்லாம் ஓடிவந்து சேர்ந்தன. 1906இல் 29 பேர் ஜெயித்தார்கள், குழுவும் தொழிற்கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஹார்டி அந்த உறுப்பினர்களுக்குத் தலைவர் ஆனார். தலைமை வேலை அவருக்கு ஒத்துவரவில்லை, 1908இல் விட்டுவிட்டார்.

1914 ஆகஸ்டில் உலகப் போர் வந்தது. எந்த நாட்டுத் தொழிலாளியும் இன்னொரு நாட்டுத் தொழிலாளியைச் சுடக் கூடாது என்று நம்பியவர். தன் தொகுதியில் அபர்டேரில் கூட்டம் போட்டார். அவரைத் தேர்ந்தெடுத்த சுரங்கத் தொழிலாளர்களே பாட்டுப் பாடி, கூச்சல் போட்டுப் பேசவிடாமல் செய்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி கிளாஸ்கோவில் காலமானார், வயது 59. மெர்தர் இடைத்தேர்தலில், கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளரைத் தோற்கடித்து ஜெயித்தவர் போரை ஆதரித்த ஸ்டான்டன். அபர்டேர் கூட்டத்தைக் கலைக்க முன்னின்றவர் அவர்தான்.

1922இல் அதே ஸ்டான்டனை அபர்டேர் மக்கள் தோற்கடித்துத் தொழிற்கட்சியை ஜெயிக்க வைத்தார்கள். அந்தத் தேர்தலில் கட்சி 142 இடம் பிடித்து, லிபரல்களைப் பின்னுக்குத் தள்ளி எதிர்க்கட்சி ஆனது. கிளாஸ்கோவின் ஸ்பிரிங்பர்னிலிருந்து ஹார்டியின் தம்பி ஜார்ஜும் சபைக்குப் போனார்.

கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம்.