பிறக்குமுன் அறிவது, பிறந்தபின் வழக்காடுவது

(சனசமூக நிலைய மாதாந்தக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே, வணக்கம்.

இந்தத் தலைப்பை நான் சொன்னதும் ஒரு நண்பர், "இதெல்லாம் அமெரிக்காக்காரர் கதைக்கிற கதை, இஞ்ச ஆருக்கு வேணும்?" என்று கேட்டார். அவருக்கு என் பதில் இதுதான். இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கர்ப்பிணி பத்தாவது கிழமையிலேயே கையில் இரத்தம் கொடுத்துவிட்டு, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் குறைபாடு இருக்கக்கூடுமா என்று தனியார் ஆய்வுகூடம் மூலம் கேட்டறியலாம். கனடாவில் இருக்கும் அக்கா "அதையும் ஒருக்கால் செய்து பார்" என்று சொல்லிக் காசும் அனுப்பிவிடுவா. பரிசோதனை ஊருக்கு வந்துவிட்டது. அதோடு வர வேண்டிய பேச்சு இன்னும் வரவில்லை.

நான் டொக்டர் இல்லை. மருத்துவத்தை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். கர்ப்பிணியின் இரத்தத்தில் பிள்ளையின் டி.என்.ஏ. துண்டுகளும் மிதக்கின்றன என்பதை ஹொங்கொங்கைச் சேர்ந்த டெனிஸ் லோவும் அவரது குழுவினரும் 1997இல் காட்டினார்கள். 2011 அளவில் அதை வைத்துச் செய்யும் பரிசோதனை விற்பனைக்கு வந்தது. ஊசி வயிற்றுக்குள் போவதில்லை, பிள்ளைக்கு ஆபத்தில்லை, "99 வீதம் சரி" என்று விளம்பரம். சனம் மயங்கும் இடம் இந்த 99தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபத்தைந்து வயதுத் தாய்மாரில் ஏறத்தாழ 1,250 பேருக்கு ஒருவருக்கு டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை பிறக்கலாம். அந்த வயதில் 10,000 தாய்மார் பரிசோதித்தால் அப்படிப்பட்ட பிள்ளைகள் எட்டு. பரிசோதனை எட்டையும் பிடிக்கிறது என்றே வையுங்கள். ஆனால் ஆயிரத்துக்கு ஒன்று பிழையாக "இருக்கிறது" என்று சொன்னாலும் பத்துத் தாய்மார் வீணாகப் பயப்படுவார்கள். மொத்தம் பதினெட்டுப் பேருக்கு "இருக்கிறது" என்று கடிதம் வரும், அதில் பத்துப் பேரின் பிள்ளைக்கு ஒன்றும் இராது. நாற்பது வயதுத் தாய்க்கு இதே கடிதம் வந்தால் அது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். பரிசோதனை ஒன்றுதான், வயதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. இந்த இரத்தப் பரிசோதனை சந்தேகத்தைத் தான் சொல்லும். உறுதி செய்யப் பதினைந்தாவது கிழமைக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், அதில் கருச்சிதைவு ஆபத்து சிறிதளவு உண்டு. இவ்வளவையும் இரத்தம் எடுப்பதற்கு முன் யாராவது இருந்து சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் என் தொழில் வருகிறது.

டொக்டர் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை அல்லது ஆய்வுகூடம் பிழையான முடிவு கொடுத்தது, அதனால் பெற்றோர் கர்ப்பத்தைத் தொடர்வதா விடுவதா என்று தீர்மானிக்கும் வாய்ப்பை இழந்தார்கள் என்று வைப்போம். அப்போது பெற்றோர் போடும் நட்டஈட்டு வழக்கைத்தான் 'தவறான பிறப்பு' வழக்கு என்கிறார்கள். அதே காரணத்துக்காகப் பிள்ளையின் பேரிலேயே போடுவது இன்னொரு வகை.

அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் 1967இல் கிளெய்ட்மன் வழக்கு. கர்ப்பத்தின்போது தாய்க்கு ருபெல்லா, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய ஒரு தொற்றுநோய். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று டொக்டர் சொன்னார். பிள்ளை குறைபாடுகளோடு பிறந்தது. நீதிமன்றம் நட்டஈடு மறுத்தது. பன்னிரண்டு வருடம் கழித்து, 1979இல், அதே மாநிலத்தின் அதே உயர் நீதிமன்றம் பெர்மன் வழக்கில் பெற்றோரின் மனவேதனைக்கு நட்டஈடு கேட்கலாம் என்றது. அங்கே தாய்க்கு 38 வயது, பனிக்குட நீர்ப் பரிசோதனை என்று ஒன்று இருப்பதையே யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இடையில் என்ன மாறியது? 1973இல் கருக்கலைப்பு அங்கே தாயின் சட்டபூர்வ உரிமையாயிற்று. (2022இல் அந்த உரிமையை அந்நாட்டு நீதிமன்றமே திருப்பி எடுத்தது வேறு கதை.) இந்த இடைவெளியை மனதில் வையுங்கள், நம்முடைய நாட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

பிரான்சில் நடந்தது இன்னும் சூடானது. பெருஷ் வழக்கு, அதுவும் ருபெல்லாதான். 2000 நவம்பரில் அந்நாட்டு மேன்முறையீட்டு உச்சமன்றம் பிள்ளைக்கே நட்டஈடு உண்டு என்றது. மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் கொதித்தன. ஸ்கான் பார்க்கும் டொக்டர்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2002 மார்ச்சில் பாராளுமன்றம் சட்டமே கொண்டுவந்தது: பிறந்தது என்ற ஒரே காரணத்தால் தனக்குக் கேடு விளைந்தது என்று யாரும் வழக்காட முடியாது, இயலாமையின் செலவைத் தேசம் பொறுப்பேற்கட்டும் என்று.

கிளெய்ட்மன், பெருஷ் ஆகிய இரண்டு வழக்குகளுக்கும் காரணமான ருபெல்லாவை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்தது. நம்முடைய குடும்பநல உத்தியோகத்தர்மார் வெயிலில் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் போய்ச் செய்த வேலை அது. அதற்கு ஒரு கைதட்டல் கொடுத்தால் நல்லது.

மரபணுப் பரிசோதனையையே மையமாகக் கொண்ட வழக்கு இங்கிலாந்தில் 2021இல் தீர்ந்த கான் எதிர் மெடோஸ். தன் குடும்பத்தில் இருக்கும் ஹீமோபீலியா என்ற, இரத்தம் உறையாத பரம்பரை நோயைத் தானும் கடத்தக்கூடியவரா என்று கேட்டு ஒரு பெண் போனார். அவருக்குச் செய்தது சாதாரண இரத்தப் பரிசோதனை, செய்திருக்க வேண்டியது மரபணுப் பரிசோதனை. "பயமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். பிறந்த மகனுக்கு ஹீமோபீலியா, அதோடு ஓட்டிசமும். இரண்டுக்கும் சேர்த்து 90 இலட்சம் பவுண் கேட்டார். ஹீமோபீலியாவுக்கான 14 இலட்சம்தான் கிடைத்தது. டொக்டரிடம் எதைக் கேட்டீர்களோ அந்த அளவுக்குத்தான் அவர் பொறுப்பு என்றது நீதிமன்றம். கடுமையாகத் தெரியலாம், எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இப்படி ஒரு வழக்கு நாளைக்கு நமது மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கலானால் எந்தச் சட்டம்? 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை முதுசொம், சீதனம், காணி பற்றிப் பேசும், டொக்டரின் கவனக்குறைவைப் பற்றிப் பேசாது. அதற்கு அதே ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன்-டச்சுச் சட்டம்தான். ஆகவே நமக்கு உண்மையான உறவுக்காரர், அதே உரோமன்-டச்சுச் சட்டம் உள்ள தென்னாபிரிக்கா. அங்கே 1996இல் பெற்றோரின் வழக்கை ஏற்றார்கள், பிள்ளையின் வழக்கை மறுத்தார்கள். 2014இல், டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு பிள்ளை சார்பான வழக்கில், பிள்ளையின் வழக்கையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது, சிறுவர் நலன் என்ற அரசியலமைப்புக் கோட்பாட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது.

அப்படியானால் நாமும் அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு இளம் சட்டத்தரணி கேட்பார். முடியாது. கவனக்குறைவு இருந்தால் மட்டும் போதாது, அதனால்தான் நட்டம் வந்தது என்பதையும் வழக்காளி நிரூபிக்க வேண்டும். ஒரு பிள்ளையின் மரணம் பற்றிய பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கில் 2001இல் நமது உயர் நீதிமன்றம் பெற்றோருக்கு நட்டஈடு மறுத்தது இந்தக் காரணத் தொடர்பு நிரூபிக்கப்படாததால்தான். இப்போது நம் தாய் கூண்டில் ஏறி, "தெரிந்திருந்தால் கர்ப்பத்தைத் தொடர்ந்திருக்க மாட்டேன்" என்று சொல்கிறா என்று வைப்போம். எதிர்த்தரப்பு எழும்பி ஒரு கேள்விதான் கேட்கும்: "எந்தச் சட்டப்படி?" 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே விலக்குத் தருகிறது. கடும் குறைபாடுள்ள கரு, வல்லுறவால் வந்த கரு ஆகியவற்றுக்கு விலக்குத் தர 2017இல் அமைச்சரவை வரை போன யோசனை மத அமைப்புகளின் எதிர்ப்போடு படுத்துவிட்டது. அந்தச் சட்டம் வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பிறந்து சில மணித்தியாலத்தில் இறந்துபோகும் என்று தெரிந்த பிள்ளையை மாதக்கணக்கில் சுமக்கச் சொல்வதில் எனக்கு அறம் தெரியவில்லை. இங்கிருக்கும் ஃபாதர் மறுப்பார் என்று தெரியும், அவர் பிறகு பேசட்டும்.

ஆக, காசு வாங்கிப் பரிசோதிக்கலாம், முடிவை வைத்து இங்கே செய்யக்கூடியது மிகக் குறைவு. வசதி உள்ளவர்களுக்குப் பலாலியில் விமானம் நிற்கிறது. இந்தியாவில் 2021 திருத்தத்துக்குப் பிறகு மருத்துவச் சபையின் அனுமதியோடு, கடும் குறைபாட்டுக்குக் கிழமை எல்லைகூட இல்லை. வசதி இல்லாதவருக்கு அந்தக் கடிதமும் பயமும் தான் மிச்சம்.

அப்படியென்றால் பரிசோதனையே வேண்டாமா? அப்படியும் சொல்ல மாட்டேன். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருதயக் கோளாறு இருக்கும். முன்கூட்டித் தெரிந்தால் எந்த ஆஸ்பத்திரியில் பெறுவது, யார் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆயத்தம் செய்யலாம். 1980களின் தொடக்கத்தில் இவர்களின் சராசரி ஆயுள் அமெரிக்காவில் 25 வயதளவு, இன்றைக்கு 60. மரபணு மாறவில்லை, இருதய சத்திரசிகிச்சையும் பராமரிப்பும் மாறின.

வழக்குகளைப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது ஒன்று. அந்தப் பெற்றோரில் பெரும்பாலானோர் பிள்ளையை வெறுத்து நீதிமன்றம் போகவில்லை. சிகிச்சைக்கும், பேச்சுப் பயிற்சிக்கும், தாங்கள் செத்தபிறகு பார்க்க ஒரு ஆளுக்கும் காசு தேடிப் போனார்கள். அரசாங்கம் கொடுக்காத இடத்தில் டொக்டரின் காப்புறுதிதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்காக, தான் நேசிக்கும் பிள்ளை பிறந்திருக்கக் கூடாது என்று சத்தியக்கடதாசியில் எழுத வேண்டிவந்தது. அந்தக் கடதாசியைப் பிள்ளை ஒருநாள் வாசிக்கும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் படிக்கும் கோண்டாவில் சிவபூமிப் பாடசாலைக்கோ கைதடி நவீல்டுப் பாடசாலைக்கோ போய்வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலிருந்து நம்மிடம் இருக்கிறது, ஆனால் கச்சேரியிலோ பிரதேச செயலகத்திலோ படியேற முடியாமல் நிற்கும் ஒருவருக்கு அது எந்த அளவு உதவியிருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

அதனால் நான் டொக்டர்மார் மீது வைக்கும் கடமை சிறியது, ஆனால் தப்ப முடியாதது: முன்கூட்டிச் சொல்லுங்கள். "என்ன தெரியவரும், முடிவு எவ்வளவு தூரம் பிழையாகலாம், தெரிந்தபின் இங்கே என்ன வழி இருக்கிறது, தெரியாமலே இருக்க விரும்புகிறீர்களா?" இவற்றைச் சொல்லவும் கேட்கவும் பத்து நிமிடம் போதும். கிளினிக்கில் அந்தப் பத்து நிமிடமும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

மச்சான், மச்சாள் முறையில் கலியாணம் பேசுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நெருங்கிய சொந்தத்துக்குள் கட்டினால் பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்றிலிருந்து நாலு ஆறு வரை போகலாம். பயந்து ஓடவேண்டிய எண்ணில்லை, குடும்பத்தில் நோய் இருந்தால் கலியாணத்துக்கு முன்பே கேட்க வேண்டிய எண். சாதகம் பார்க்கக் கொண்டுபோகும் நேரத்தில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான இரத்தப் பரிசோதனையையும் செய்யலாம். கர்ப்பத்துக்கு முன் தெரிந்தால் முடிவெடுக்க நேரமும் இருக்கும், 303உம் குறுக்கே வராது.

முன்வரிசையில் குடும்பநல உத்தியோகத்தர்மார் இருக்கிறார்கள். கேள்வி நேரத்தை அவர்களிடமிருந்தே தொடங்குவோம். கிளினிக்குக்கு வரும் தாய்மார் இதைப் பற்றி உங்களிடம் என்ன கேட்கிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அதற்குப் பிறகு ஃபாதர்.