வேலையை விட்டவரிடமும் கேளுங்கள்: உழைக்கும் பெண்களிடம் சர்வே எடுக்கும் முறை

[திரையில்: திருப்பூர், காலை 8 மணி. கம்பெனி வேனில் இருந்து இறங்கிக் கேட்டுக்குள் நுழையும் பெண்கள்.]

வணக்கம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு வேலையிடத்தில் என்ன சிக்கல்? ஏன் ஒரு வேலையில் சேர்கிறார்கள், ஏன் விடுகிறார்கள், மேல்பதவி கொடுத்தால் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்ள சர்வே எடுக்கப்போகும் மாணவர்கள், தொழிற்சங்கத்தார், தொண்டு நிறுவனத்தார், எச்.ஆர். பிரிவினர் எல்லோருக்குமான வீடியோ இது. உதாரணத்துக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகளை எடுத்துக்கொள்வோம். டெய்லர், செக்கிங், கைமடி (டெய்லருக்கு உதவியாள்), பேக்கிங் என்று ஒவ்வொரு லைனிலும் பெண்கள் இருக்கும் ஊர்.

[திரையில்: இரண்டு எண்கள். 2017-18: 23.3%. 2023-24: 41.7%.]

மத்திய அரசின் பீரியாடிக் லேபர் ஃபோர்ஸ் சர்வே தரும் எண்கள் இவை. 15 வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியப் பெண்களில் வேலை செய்பவர்கள், வேலை தேடுபவர்கள் இரண்டு பேரையும் சேர்த்த பங்கு. எத்தனை பேர் வேலையிலோ வேலை தேடலிலோ இருக்கிறார்கள் என்று தெரிய இது போதும். ஆனால் மூன்று வருடம் செக்கிங்கில் இருந்த ஒருவர் தீபாவளிக்குப் பிறகு ஏன் வரவில்லை என்பதை இதில் தேட முடியாது. நம் சர்வே அதைத்தான் பிடிக்க வேண்டும்.

முதல் கேள்வி, யாரிடம் கேட்பது?

பெரும்பாலான சர்வே இங்கேயே தவறிவிடுகிறது. கம்பெனியிடம் மஸ்டர் ரோல், அதாவது வேலையாட்களின் வருகைப் பட்டியல், வாங்கி, அதில் குலுக்கி 100 பேரை எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் கேட்டு முடித்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யார்? இன்றுவரை தாக்குப்பிடித்தவர்கள். சிக்கல் தாங்காமல் நின்றுபோனவர் பெயர் அதில் இருக்காது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நின்றவர், சூப்பர்வைசர் தொல்லையால் நின்றவர், இடுப்பு வலியால் நின்றவர் எல்லோரும் பட்டியலுக்கு வெளியே. உள்ளே இருப்பவர்களை மட்டும் கேட்டால், எந்தக் கம்பெனியில் அதிகம் பேர் ஓடிப்போனார்களோ அந்தக் கம்பெனிதான் நல்ல பெயர் வாங்கும். இந்த வீடியோவில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் 300 பேரிடம் கேட்கத் திட்டம் என்றால், 200 பேர் இப்போது வேலையில் இருப்பவர்கள், 100 பேர் கடந்த 24 மாதத்தில் வேலையை விட்டவர்கள் என்று பிரியுங்கள். விட்டவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? வேலையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் பேட்டி முடிந்ததும், "உங்க லைன்ல இருந்து நின்னுபோனவங்க யாராச்சும் இருக்காங்களாக்கா?" என்று கேளுங்கள். அவர் நம்பரை நீங்கள் வாங்காதீர்கள். உங்கள் நம்பர் எழுதிய சீட்டு இரண்டைக் கொடுத்து அனுப்புங்கள். விருப்பம் இருந்தால் அவர்களே கூப்பிடட்டும். இப்படிச் செய்தால் ஆள் குறைவாகத்தான் வருவார்கள், ஆனால் வருகிறவர் பயமில்லாமல் பேசுவார்.

[திரையில்: காம்பவுண்ட் வீடுகள், நடுவில் பொதுக் குழாய்.]

இடம் கம்பெனியாக இருக்கக் கூடாது. சாப்பாட்டு இடைவேளை கொஞ்ச நேரம்தான். கை கழுவவும் சாப்பிடவுமே சரியாகிவிடும். பக்கத்தில் சூப்பர்வைசர் வேறு நடமாடுவார். குடியிருக்கும் காம்பவுண்டுக்குப் போங்கள். வார நாளில் ராத்திரி எட்டரைக்குப் போனால் அடுப்படியில் நிற்பவரிடம்தான் பேச வேண்டியிருக்கும். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் உட்கார்ந்து பேச வழி இருக்கும். ஹாஸ்டலில் தங்கி வேலை செய்பவர்களை ஹாஸ்டலுக்குள் வைத்துக் கேட்காதீர்கள். வார்டனின் பார்வை படாத இடம் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது.

எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்? மொத்தக் கூட்டம் மிகப் பெரியது என்றால், 95 சதவீத நம்பகத்தில், கூடக்குறைய 5 சதவீதப் பிழைக்குள் வர 385 பேர் வேண்டும். 10 சதவீதப் பிழை பரவாயில்லை என்றால் 97 போதும். அதே 5 சதவீதப் பிழைக்கு, ஒரே கம்பெனிக்குள் 1,000 பெண்கள் என்றால் 278, 500 பெண்கள் என்றால் 218, 200 பெண்கள் என்றால் 132. இந்தக் கணக்கெல்லாம் குலுக்கல் முறையில் ஆளை எடுத்தால் மட்டுமே செல்லும். ஒரே காம்பவுண்டில் 20 பேரைக் கேட்டு முடிப்பது வேலையைச் சுலபமாக்கும். ஆனால் அவர்கள் ஒரே வேனில் ஒரே கம்பெனிக்குப் போகிறவர்களாக இருந்தால், 20 தாள் நிரம்பினாலும் 20 பேரின் தகவல் கிடைத்ததாகாது. ஓர் இடத்தில் 6 முதல் 8 பேரோடு நிறுத்திக்கொண்டு, இடங்களை அதிகமாக்குங்கள்.

வேலையை விட்ட அந்த 100 பேர் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. சீட்டு கொடுத்து வந்தவர்கள் குலுக்கலில் வந்தவர்கள் இல்லை. "திருப்பூரில் வேலையை விட்ட பெண்களில் 40 சதவீதம்" என்று எழுதாதீர்கள். "நாங்கள் பேசிய 100 பேரில் 40 பேர்" என்று எழுதுங்கள். 200-ஐயும் 100-ஐயும் கூட்டி ஒரே சதவீதமாகவும் ஆக்காதீர்கள்.

இனி கேள்விகள்.

[திரையில்: கேள்வித்தாள். "சம்பளமும் வேலை நேரமும் திருப்தியாக உள்ளதா?" என்ற வரி மேல் சிவப்புக் கோடு.]

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. சம்பளம் பரவாயில்லை, நேரம்தான் கொல்கிறது என்பவர் எதை டிக் செய்வார்? அதோடு, முன்பின் தெரியாதவர் கேட்டால் "திருப்திதாங்க" என்று சொல்லிவிடுவதுதான் பேச்சு வழக்கம். திருப்தியைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள்.

சம்பளத்தை இப்படிக் கேட்கலாம். வாரச் சம்பளம் வாங்குபவர் என்றால், போன வாரம் எத்தனை ஷிப்ட்? ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு? சனிக்கிழமை கையில் வந்தது எவ்வளவு? எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், இரவு வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட் என்பது திருப்பூர்க் கணக்கு. மூன்று நாள் ஒன்றரை, மூன்று நாள் ஒன்று என்றால் ஏழரை ஷிப்ட். ஷிப்டுக்கு 450 ரூபாய் என்று வைத்தால் 3,375 வர வேண்டும். கையில் வந்தது 2,900 என்றால், அந்த 475 எங்கே போனது என்பதுதான் அடுத்த கேள்வி. பி.எஃப்., இ.எஸ்.ஐ., அட்வான்ஸ் கழிவு, வேன் காசு, லேட்டாக வந்ததற்கு வெட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். "மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்?" என்று கேட்டால் ஒரு உருண்டையான எண் கிடைக்கும், அவ்வளவுதான். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு ஷிப்டுக்குப் பதிலாகப் பீஸ் எண்ணிக்கை கேட்கத் தனித் தாள் வையுங்கள்.

கழிப்பறையும் அப்படித்தான். "வசதி உள்ளதா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், ஏனென்றால் கட்டடத்தில் இருக்கிறது. "நேற்று ஷிப்டில் எத்தனை தடவை போனீர்கள்? போகும் முன் யாரிடம் சொல்ல வேண்டும்? நாப்கின் மாற்ற, போட, இடம் இருக்கிறதா? போக வேண்டிவரும் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தீர்களா?" இந்த நான்கும் கேட்டால் உண்மை தெரியும்.

வீட்டு வேலையைக் கேட்க, தேசிய நேரப் பயன்பாட்டு சர்வேயின் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம், மொத்தம் 48 கட்டம். 2019-இல் அந்த சர்வே, வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொன்னது. உங்கள் சர்வேயில் கட்டங்களை நிரப்பும்போது "அப்போ கூடவே குழந்தையையும் பார்த்துக்கிட்டீங்களா?" என்று கேளுங்கள். கேட்காவிட்டால் அது பதிவாகாது.

[திரையில்: ஒரு பெரிய தாள். மேலே வருடங்கள். இடது பக்கம் வேலை, கல்யாணம், குழந்தை, வீடு மாற்றம், நோய், கடன்.]

"ஏன் வேலையை விட்டீர்கள்?" என்று நேராகக் கேட்டால் வரும் பதில், "குடும்பச் சூழ்நிலைங்க." இதைக் குறித்துக்கொண்டு நகர்ந்தால், கடைசியில் 70 பேர் "குடும்பச் சூழ்நிலை" என்ற ஒரே கட்டத்தில் கிடப்பார்கள், கம்பெனி மேல் ஒரு குறையும் இல்லாதது போல. அதற்குத்தான் இந்த நாட்காட்டித் தாள். தேதி யாருக்கும் நினைவில் இருக்காது. தீபாவளி போனஸ், பொங்கல், பிள்ளை ஸ்கூலில் சேர்ந்தது, 2020 ஊரடங்கு, இவற்றை வைத்து நினைவூட்டுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"எப்ப நின்னீங்கக்கா?"
"போனஸ் வாங்கிட்டு நின்னுட்டேனுங்க."
"அதுக்கு முந்தின மாசம் வேலை எப்படி இருந்துச்சுங்க?"
"ஏத்துமதிக்கு அவசரம்னு தினமும் ஒன்றரை ஷிப்டுங்க. பாப்பாவை ஆறு மணிக்கு மேல வெச்சுக்க மாட்டேன்னுட்டாங்க."

இப்போது காரணம் தெரிகிறது. மறுக்க முடியாத ஓவர்டைமும், மாலை ஆறு மணிக்கு மூடும் குழந்தைக் காப்பகமும் சேர்ந்து அவரை வெளியே தள்ளின. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். அதனால் "காப்பகம் இருக்கிறதா?" என்பதோடு "ஓவர்டைம் நாளில் எத்தனை மணி வரை திறந்திருக்கும்?" என்பதும் உங்கள் தாளில் இருக்க வேண்டும்.

முடிவு யாருடையது என்பதையும் பிரித்துக் கேளுங்கள். முதலில் பேச்சை எடுத்தது யார்? வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? சூப்பர்வைசர் வேலை கொடுத்தும் மறுத்தவர் என்றால், அந்த வேலையில் சம்பளம் எவ்வளவு கூடும், எத்தனை மணிக்கு வீடு திரும்ப முடியும் என்று அவருக்குச் சொல்லப்பட்டதா? "தன்னம்பிக்கை இல்லை" என்று எழுதிவிடுவதற்கு முன் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது, பாலியல் தொல்லை. இங்கே அவசரப்பட்டால் பதில் சொன்ன பெண்ணுக்கே ஆபத்து.

"பாலியல் துன்புறுத்தல்" என்ற சொல்லையே கேள்வியில் வைக்காதீர்கள். பெரிதாக ஏதாவது நடந்தால்தான் அந்தப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள்: கெட்ட வார்த்தையில் திட்டுவது, இரட்டை அர்த்தப் பேச்சு, பீஸ் பார்க்கும் சாக்கில் மேலே சாய்வது, ராத்திரி போன் செய்வது. இவற்றை நேரில் கேட்காமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போட்ட சின்னத் தாளைக் கொடுத்து, அவரே டிக் செய்து மடித்துப் பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது முடியும். அந்தத் தாளில் பெயர், கம்பெனி, லைன் எதுவும் கூடாது.

பட்டியல் முறை என்று ஒன்றும் உண்டு. ஒரு பாதிப் பேருக்கு நான்கு சாதாரண வாக்கியம், மறுபாதிக்கு அதே நான்கோடு தொல்லை பற்றிய ஐந்தாவது வாக்கியம். எது என்று சொல்லாமல், எத்தனை பொருந்தும் என்று மட்டும் சொல்ல வேண்டும். சராசரி 2.1, 2.4 என்று வந்தால், வித்தியாசம் 0.3, அதாவது 30 சதவீதம். அழகான முறை. ஆனால் ஒவ்வொரு பாதியிலும் 150 பேர் மட்டும் என்றால் பிழை கூடக்குறைய 23 சதவீதப் புள்ளி வரை போகும். அந்த 30-க்கு ஒரு மதிப்பும் இருக்காது. ஒவ்வொரு பாதியிலும் 1,000 பேர் இருந்தால் பிழை சுமார் 9 புள்ளிக்கு இறங்கும். சின்ன சர்வேக்குப் பெட்டியே போதும்.

பேட்டி நடுவில் மாமியாரோ கணவரோ வந்து உட்கார்ந்தால், உடனே போக்குவரத்து, பஸ் பற்றிய கேள்விக்குத் தாவிவிடுங்கள். இதற்கென்றே ஒரு பக்கக் கேள்வி தயாராக இருக்கட்டும். முடிவில் எல்லோருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரே மாதிரிச் சீட்டு கொடுங்கள்: பெண்கள் உதவி எண் 181, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அது இல்லாத இடத்தில் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம், புகாருக்கு மூன்று மாதக் கெடு.

களத்துக்குப் போகும் முன் 15 பேரிடம் சோதனை செய்து பாருங்கள். 25 நிமிடத்துக்கு மேல் போனால் கேள்வியை வெட்டுங்கள். ஒடிசா, பீகார், அசாமில் இருந்து வந்த பெண்களுக்கு அவர்கள் மொழி பேசும் பெண்ணே போக வேண்டும். கான்ட்ராக்டர் கூட்டிவரும் மொழிபெயர்ப்பாளர் வேண்டவே வேண்டாம். போனில் பதிவு செய்வதானால் கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலி நெட் இல்லாமலும் ஓடும். பத்தில் ஒரு பேட்டியை வேறொருவர் திரும்பப் போய்ச் சரிபார்க்கட்டும்.

[திரையில்: அட்டவணை. ஒரு கட்டத்தில் "1" என்ற எண். அது மறைந்து "10-க்குக் குறைவு" என்று மாறுகிறது.]

அறிக்கை எழுதும்போது இந்தக் கட்டத்தைப் பாருங்கள். கட்டிங் பிரிவு, 25 வயதுக்குக் கீழ், கர்ப்பிணி, புகார் சொன்னவர்: 1. பெயரே போடாவிட்டாலும் அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் அது யார் என்று தெரிந்துவிடும். 10 பேருக்குக் குறைவான கட்டம் எதையும் எண்ணாக வெளியிடாதீர்கள். பிரிவுகளைச் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த வரியையே எடுத்துவிடுங்கள். கம்பெனிக்கு அறிக்கை தருவதற்கு முந்தின ஞாயிறு, பேட்டி கொடுத்த காம்பவுண்டிலேயே அதைப் படித்துக் காட்டுங்கள். இந்த வரியைப் பார்த்தால் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால், அந்த வரி அச்சுக்குப் போகக் கூடாது.